அசல் மசில் காரா, வேஷம் கட்டிய காரா? பணம் கொடுக்கும் முன் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி

தயாரித்ததைவிட இன்றைக்கு மிச்சமிருப்பதுதான் அதிகம் என்று அமெரிக்கப் பழைய கார் வட்டாரத்தில் ஒரு கிண்டல் உண்டு. செவெல் எஸ்எஸ், ஜிடிஓ, ஹெமி கூடா என்று பேர் போன எந்த மசில் காரை (சாதாரணக் காரில் பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்க வேக வண்டி) எடுத்தாலும் இதே கதைதான். செவர்லே செவெலின் சாதாரண வகையான மாலிபுவை வாங்கி, பெரிய எஞ்சினை இறக்கி, பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை அடித்து, எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பேட்ஜ், கிரில், டேஷ்போர்டு, சீட் உறை எல்லாமே புத்தம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அப்படி ஒரு வண்டி கட்டுவதில் தப்பில்லை. அதை அசல் விலைக்கு நம் தலையில் கட்டுவதுதான் தப்பு.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, ஒரு காந்தம், தண்ணீர் பாட்டில், அரை நாள் பொறுமை, இவ்வளவு போதும். கூடவே, மயங்காத ஒரு நண்பரை அழைத்துப் போங்கள். ஏனென்றால் அந்த எஞ்சின் ஐடிலில் குலுங்குவதைக் கேட்டதும் உங்கள் மூளை வேலை செய்யாது, அது நிச்சயம்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். மசில் கார் என்பதே பெரும்பாலும் தனி கார் அல்ல, ஆர்டர் தாளில் போட்ட ஒரு டிக். 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸில் (ஜிஎம்) நடுத்தர அளவு கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது என்று கம்பெனியே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. ஜிஎம்மின் பிராண்டுகளில் ஒன்றான போன்டியாக்கில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவர் ஆட்களும் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள்: புது மாடல் என்று சொன்னால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும், லெமான்ஸ் காருக்கு ஒரு ஆப்ஷன் என்று சொல்லிவிட்டால்? 389 கன அங்குல வி8, அதாவது சுமார் 6.4 லிட்டர், ஜிடிஓ என்ற பெயரில் 300 டாலருக்கும் சற்றுக் குறைந்த கூடுதல் விலையில் போனது. முதல் வருஷமே 32,450 விற்றது. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு அதே வழியில் இறங்கினார்கள். ஆகவே நாம் தேட வேண்டியது பேட்ஜை அல்ல, அறுபது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு டீலர் மேசையில் போட்ட அந்த டிக்கை. அது எங்கெங்கே பதிந்திருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வின் நம்பரிலிருந்து, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண்ணிலிருந்து தொடங்குவோம். 1968 மாடல் முதல் முன் கண்ணாடி வழியாக வெளியே நின்றே அதைப் படிக்கலாம். ஃபோர்டும் கிரைஸ்லரும் இந்த விஷயத்தில் நமக்கு ரொம்ப நல்லவர்கள், எஞ்சின் எழுத்தை வின்னிலேயே ஐந்தாவது இடத்தில் போட்டுவிட்டார்கள். 1969 மஸ்டாங்கில் அந்த எழுத்து இசட் என்றால் பாஸ் 429, ஜி என்றால் பாஸ் 302, ஆர் என்றால் ராம் ஏர் வைத்த 428 கோப்ரா ஜெட் (இந்த எண்கள் எல்லாம் கன அங்குலத்தில் எஞ்சின் அளவு). கிரைஸ்லரின் 1970 பிளைமவுத் கூடாவில் பி எஸ் 23 ஆர் 0 பி என்று ஆரம்பித்தால் படிக்கும்போதே கை நடுங்கலாம்: பாராகுடா, கூடா வகை, இரண்டு கதவு ஹார்ட்டாப், 426 ஹெமி, 1970, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமக் தொழிற்சாலை. அந்த ஆர் இருக்கும் இடத்தில் வேறு எழுத்து இருந்தால் உள்ளே இருக்கும் ஹெமி பின்னால் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான், வாதமே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம், எழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1967 முதல் 1969 வரை ஹெமிக்கு ஜே, அடுத்த இரண்டு வருஷம் ஆர்.

ஜிஎம் வண்டிகளில்தான் தலைவலி. போன்டியாக் ஜிடிஓ 1966 முதல் 1971 வரை தனி வரிசை, வின் 242 என்று தொடங்கும், கதை முடிந்தது. 1964, 1965 வண்டிகள் ஆப்ஷன் என்பதால் வின்னில் ஒன்றும் தெரியாது. செவெலில் 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 என்றால் 138 என்று தொடங்க வேண்டும். 1969-லிருந்து எஸ்எஸ் மறுபடி வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது, அதனால் எல்லோரும் ஆசைப்படும் 1970 எஸ்எஸ் 454-ம் பக்கத்து வீட்டுத் தாத்தா ஓட்டிய வி8 மாலிபுவும் ஒரே மாதிரி 136 என்றுதான் ஆரம்பிக்கும். வேஷம் கட்டுகிறவர்களுக்கு இந்த வண்டி மேல் இவ்வளவு பிரியம் ஏன் என்று இப்போது புரிகிறதா? ஒரே ஆறுதல், 135 என்று இருந்தால் அது பிறவியிலேயே ஆறு சிலிண்டர், எஸ்எஸ் ஆக இருக்க வழியே இல்லை. விளம்பரத்தில் வின் நம்பரை மறைத்துப் படம் போட்டிருந்தால் போனிலேயே கேட்டுவிடுங்கள், சொல்லத் தயங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம்.

வின் தகட்டைப் பார்க்கும்போதே ரிவெட்டையும் பாருங்கள். ஜிஎம், கிரைஸ்லர் இரண்டும் அந்தக் காலத்தில் ஆறு இதழ் பூ வடிவ ரிவெட் போட்டார்கள். சாதாரண பாப் ரிவெட்டோ ஸ்க்ரூவோ இருந்தால் யாரோ தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வின்னைத் திருத்துவது மத்தியச் சட்டப்படி குற்றம், அந்த வண்டியைப் பின்னாளில் போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. கிரைஸ்லர் வண்டிகளில் வின்னின் ஒரு பகுதி ரேடியேட்டர் மேல் சட்டத்திலும் உடலின் வேறு இடங்களிலும் குத்தப்பட்டிருக்கும், எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மஸ்டாங்கில் பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள் ஃபெண்டர் ஓரத்தில் குத்தியிருக்கும்.

இனி எஞ்சின். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். செவர்லே வி8-ல் வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னச் சமதளம் இருக்கும். ஆல்டர்னேட்டர், பெல்ட் அது இது என்று மறைத்திருக்கும், கிரீஸும் பெயின்ட்டும் படிந்திருக்கும். துணியில் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. டி 0123 சி ஆர் வி என்று இருக்கிறது என்று வையுங்கள்: டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா எஞ்சின் ஆலை, 0123 என்றால் ஜனவரி 23, சி ஆர் வி என்றால் நான்கு கியர் பெட்டியோடு போன எல்எஸ்6, 450 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்ன அதே 454. தானியங்கி கியர் என்றால் சி ஆர் ஆர். அதோடு வின்னின் கடைசிப் பகுதியும் குத்தியிருக்கும், அது டேஷ்போர்டு வின்னோடு ஒத்துப்போனால்தான் நம்பர் மேட்சிங், அதாவது காரோடு பிறந்த எஞ்சின் என்று சொல்லலாம்.

ஆனால் எழுத்து குத்தும் ஊசி யார் கையிலும் கிடைக்கும். அதனால் எழுத்தைவிட அதற்குப் பின்னால் இருக்கும் உலோகத்தைப் பாருங்கள். ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுப் போயிருக்கும், எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேலேயே விழுந்திருக்கும். பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தால் தளம் வழவழவென்று இருக்கும், அல்லது சாண்ட் பேப்பரின் வட்டக் கீறல் தெரியும், எழுத்துகளும் சந்தேகப்படும்படி ஒரே நேர்வரிசையில் நிற்கும். ஆலையில் குத்தியவர் அவசரத்தில் இருந்திருப்பார், அவர் எழுத்து லேசாகக் கோணலாகத்தான் இருக்கும். கோடு இல்லாததாலேயே மோசடி என்று முடிவு கட்டவும் கூடாது. எஞ்சினை ரீபில்ட் செய்யும்போது தளத்தை மறுபடி சீவினால் கோடுகள் போய்விடும். அப்போது சொல்கிறவர் அந்த வேலையின் பில்லையோ, சீவுவதற்கு முன் எடுத்த படத்தையோ காட்ட வேண்டும்.

அடுத்து தேதிகளை வரிசைப்படுத்துங்கள். பிளாக்கை வார்த்த தேதி, கியர்பாக்ஸ் சேரும் பெல் ஹவுசிங் பக்கமாகப் புடைப்பாக இருக்கும், முதல் எழுத்து மாதம் (ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும்), பிறகு நாள், பிறகு ஆண்டு. வார்த்தது முதலில், எஞ்சின் கோத்தது அடுத்தது, காரின் உடல் கட்டியது கடைசி. ஓட்டுநர் பக்கம் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இருக்கும் தகட்டில் 03 பி என்று இருந்தால் மார்ச் இரண்டாம் வாரம் உடல் கட்டினார்கள் என்று அர்த்தம். மார்ச்சில் கட்டிய காரில் மே மாதம் வார்த்த எஞ்சின் இருந்தால், பிள்ளை பிறந்த பிறகு தாய் பிறந்த கதை. ஹெட், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாவற்றிலும் இப்படித் தேதிகள் உண்டு. பெரும்பாலான வேஷதாரிகள் எஞ்சினோடு நிறுத்திக்கொள்வார்கள், ஆக்ஸில் வரைக்கும் போகும் பொறுமை அவர்களுக்குக் கிடையாது.

கிரைஸ்லர் வண்டியில் ஃபெண்டர் டேக் என்ற சின்னத் தகடு பானெட்டுக்குக் கீழே ஓட்டுநர் பக்கம் இருக்கும். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், இது தெரியாமல் நிறையப் பேர் குழம்புவார்கள். ஈ74 என்றால் ஹெமி, டி21 என்றால் நான்கு கியர், என்96 என்றால் பானெட்டைத் துளைத்துக்கொண்டு எஞ்சினோடு சேர்ந்து ஆடும் அந்த ஷேக்கர். எஃப்சி7 என்றால் ஊதா. அதே வண்ணத்தை டாட்ஜ்காரர்கள் பிளம் கிரேஸி என்றும் பிளைமவுத்காரர்கள் இன்-வயலட் என்றும் விற்றார்கள். டேக்கில் வெள்ளை என்று இருந்து வண்டி ஊதாவாக நின்றால் காரணம் கேளுங்கள். பழைய வண்ணம் கதவு ஓரம், டிரங்க் உள்பக்கம், டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்காவது எட்டிப் பார்க்கும்.

தகட்டையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால் காகிதம் வேண்டும். போன்டியாக் என்றால் சுலபம், 1961 முதலான ஆலைப் பதிவுகள் பிஎச்எஸ் என்ற சேவையிடம் இருக்கின்றன, வின் கொடுத்துப் பணம் கட்டினால் நகல் வரும். அது இல்லாமல் 1965 ஜிடிஓ வாங்குவது மடத்தனம். 1967 முதலான ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட், எந்த டீலருக்கு என்ன வண்ணத்தில் போனது என்பது வரை சொல்லும். அமெரிக்காவில் விற்ற செவர்லேவுக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை, கனடாவில் விற்றதாக இருந்தால் ஜிஎம் கனடாவிடம் உண்டு. கனடாவிலிருந்து திரும்பி வந்த செவெல்களுக்குத் தனி மவுசு இருப்பது அதனால்தான். மற்றபடி பில்ட் ஷீட்டைத் தேட வேண்டும். ஆலையில் வரிசையில் நின்றவர்கள் என்ன மாட்ட வேண்டும் என்று பார்த்த தாள் அது, வேலை முடிந்ததும் எங்கே கை போனதோ அங்கே செருகிவிட்டார்கள். பின் சீட்டைத் தூக்கி ஸ்பிரிங்குகளுக்கு இடையில் பாருங்கள். செவெலில் பெட்ரோல் டேங்க்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், டேங்க்கை இறக்கினால்தான் கிடைக்கும். எலி கடித்து, பழுப்பேறி, பாதி படிக்க முடியாமல் இருந்தால் சந்தோஷப்படுங்கள். மடிப்பே இல்லாமல் மொறமொறவென்று இருக்கும் தாளைத்தான் நான் நம்ப மாட்டேன்.

துருவைப் பற்றிச் சுருக்கமாக. எஞ்சினை மாற்றலாம், உடல் போனால் பணம் போன இடம் தெரியாது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின் சக்கரத்துக்கு மேலும் பின்னாலும், கதவின் கீழ் ஓரத்திலும் ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டி. வினைல் கூரை போட்ட வண்டி என்றால் பின் கண்ணாடியின் அடியோரம் கட்டாயம் பாருங்கள், வினைலுக்கு அடியில் தண்ணீர் தேங்கித் தகடு சல்லடையாகியிருக்கும், அந்தத் தண்ணீர்தான் டிரங்க் தரையையும் தின்னும். மஸ்டாங்கில் வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளில் பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் கை வையுங்கள். ஈரமானால் உள் தகடு போய்விட்டது, அதைச் சரிசெய்ய வண்டியின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். கூடா, சார்ஜர் வகையறாவில் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் பொருந்தும் குறுக்குச் சட்டத்தைக் கீழே படுத்துப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் ஓட்டிப் பார்க்கலாம். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். சாவியைத் திருப்பும் முன் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை தரைவரை அழுத்தி விடுங்கள், அப்போதுதான் சோக் மூடும். அப்புறம் ஸ்டார்ட் செய்தால் சில நொடி வேகமாக ஓடி மெல்ல இறங்கும். எல்எஸ்6-ல் தையல் மெஷின் போல டிக்டிக் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அதில் வால்வுகளைத் தூக்குவது சாலிட் லிஃப்டர், அது அப்படித்தான் பேசும். 1970 ஹெமியில் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் அங்கே அந்தச் சத்தம் நல்லதில்லை. நான்கு கியர் பெட்டி மன்சி எம்22 என்று சொன்னால் முதல் மூன்று கியரிலும் ஊளையிட வேண்டும். பற்களைக் குறைந்த சாய்வில் வெட்டியதால் வரும் சத்தம், ராக் கிரஷர் என்று பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். சத்தமே இல்லாத எம்22 என்றால் பெட்டி வேறு. பிரேக்கை மட்டும் இன்றைய கார் மாதிரி நினைக்காதீர்கள். நாலு பக்கமும் டிரம் என்றால் இரண்டு மூன்று முறை பலமாக மிதித்ததும் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வேகமாகப் போவதில் காட்டிய அக்கறையை நிறுத்துவதில் அந்தக் காலத்தில் யாரும் காட்டவில்லை.

சின்னச் சின்ன வித்தைகளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், ஏக்கமெல்லாம் அங்கேதானே இருக்கிறது. 1970 ரோடு ரன்னரின் ஏர் கிராபர் என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் சுவிட்சைத் தட்டியதும் பானெட்டிலிருந்து ஒரு கதவு எழும்பி, பக்கவாட்டில் வரைந்த சுறாப் பற்களைக் காட்டும். செவெலின் கவுல் இண்டக்‌ஷனில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் ஒரு மூடி திறக்கும். இரண்டுமே வேக்குவத்தில் ஓடுபவை, குழாய் வெடித்திருந்தால் அசையாது, சரிசெய்யச் செலவும் அதிகமில்லை. ரோடு ரன்னரின் பீப் பீப் ஹாரனை அழுத்திப் பார்க்காமல் வரவே கூடாது. அந்தப் பெயருக்கும் கார்ட்டூன் பறவைக்கும் பிளைமவுத் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தது.

விலை பேசும்போது குதிரைத்திறன் எண்ணைக் காட்டி மிரட்டுவார்கள், அல்லது 1972 வண்டியை 'செத்த எஞ்சின்' என்று ஒதுக்குவார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1971 வரை கம்பெனிகள் சொன்னது ஏர் கிளீனர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் மேடையில் வைத்து எடுத்த மொத்தக் கணக்கு. 1972-லிருந்து காரில் இருக்கும் நிலையில் எடுத்த நிகரக் கணக்கு. 1971 எல்எஸ்5 454-க்கு ஜிஎம் இரண்டையுமே சொன்னது: மொத்தம் 365, நிகரம் 285. எஞ்சின் ஒன்றுதான். 1972-ல் அதுவே நிகரம் 270. ஆக உண்மையில் குறைந்தது கொஞ்சம்தான், ஆனால் பெயர் கெட்டுவிட்டதால் 1972 வண்டிகள் 1970-ஐவிட மலிவு. தினமும் ஓட்ட நினைப்பவருக்கு என் ஓட்டு அதற்குத்தான், அழுத்த விகிதம் குறைவு என்பதால் சாதாரண பெட்ரோலிலேயே ஓடும். 11.25-க்கு 1 என்று இருக்கும் எல்எஸ்6-க்கு பம்ப்பில் கிடைப்பதிலேயே உயர்ந்த ஆக்டேனைப் போட்டாலும் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டி வரலாம்.

சரி, எல்லாம் பார்த்த பிறகு குளோன், அதாவது வேஷம் கட்டிய வண்டி என்று தெரிந்தால்? என்னைக் கேட்டால், விற்பவர் தானாகவே அதைச் சொல்லி, விலையையும் அதற்கேற்ப வைத்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். அசல் எல்எஸ்6 வைத்திருப்பவர் மழை வந்தால் வெளியே எடுக்க மாட்டார், கல் தெறித்தால் தூங்க மாட்டார். குளோன் வைத்திருப்பவர் முன்பக்கம் டிஸ்க் பிரேக் போட்டு, ரேடியல் டயர் மாட்டி, ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் டிரீம் குரூஸுக்குக் குடும்பத்தோடு போய்வருவார். ஒரு காலத்தில் இதே சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் இந்த வண்டிகள் பந்தயம் விட்டன. இன்று அங்கே நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டியின் பிளாக்கை யாரும் கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் விற்பவர் அசல் என்று சொல்லி, நீங்கள் குளோன் என்று கண்டுபிடித்தால் விலையைக் குறைத்துப் பேசாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். அதில் பொய் சொன்னவர் டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்திலும் சொல்லியிருப்பார்.

வாங்கிவிட்டால் முதல் வாரமே செய்ய வேண்டியவை சில. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் அரித்துவிடும், எல்லாவற்றையும் மாற்றுங்கள், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது. ஃபிளாட் டேப்பட் கேம் என்பதால் துத்தநாகம் அதிகமுள்ள, பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கும் ஆயில் ஊற்றுங்கள், புதுக் கார் ஆயிலில் அது குறைவு, கேம் தேய்ந்துபோகும். டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள், இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று ஐம்பது வருஷப் பழைய கார் என்று சொல்லித் தேய்மானம் போட்டுக் கொடுப்பார்கள். அந்த மதிப்பை நிரூபிக்க, நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்த அந்த எழுத்துகள், தகடுகள், பில்ட் ஷீட் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பாலிசியோடு வையுங்கள்.